மச்சினன் தூங்கிக் கொடுத்த தூக்கம்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் பகலில் தூங்குவதே இல்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் தூக்கம் என்று நினைத்தது அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பதைத்தான். யோசனை கொஞ்சம் ஆழமானால் தலை ஜன்னல் பக்கம் சாயும், வாய் தானாகத் திறந்துகொள்ளும், தொண்டைக்குள்ளிருந்து யாரோ மேசையை இழுப்பதுபோல ஒரு சத்தம் வரும். பெரிய யோசனை என்றால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்?

கார் கற்றுக்கொள்ள வருபவர்கள் மத்தியில் அவருக்கு நல்ல பெயர். மற்ற வாத்தியார்கள் கியர் மாற்றத் தெரியாதவர்களைக் கண்டபடி கத்துவார்கள். சிலர் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுப்பார்கள். இவர் கத்த மாட்டார், இழுக்க மாட்டார். பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருப்பார். "பொறுமைன்னா அந்த சார்தான்" என்று அவரிடம் இடம் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். கத்துவதற்கு முதலில் விழித்திருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் அவர் பொறுமைக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. மனைவிக்கு பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த பஸ் எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய குழந்தை தொலைந்தது என்பதையெல்லாம் ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் மைக்கில் சொல்பவள். மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான அறைக்குத் தன் தலையணையோடு குடிபெயர்ந்துவிட்டாள். காரணத்தையும் அதே மைக் குரலில்தான் சொன்னாள்.

"உங்க மூச்சு நின்னு நின்னு வருது. நிக்கிறப்ப எனக்கு உயிர் போகுது. திரும்ப வர்றப்ப தூக்கம் போகுது. நான் அந்த ரூமுக்குப் போறேன்."

வாத்தியார் இதை வீட்டு வேலையில் உதவாததற்கான குத்தல் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பாத்திரம் கழுவினார்.

மாடியில் மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி, ஏசி மெக்கானிக். அவன் பெண்டாட்டிக்கு வேறு ஊரில் உத்தியோகம் என்பதால் அவன் வாசம் அக்கா வீட்டு மாடியில், சாப்பாடு கீழே. காற்று சம்பந்தப்பட்ட எதுவும் தன் இலாகா என்பது அவன் நம்பிக்கை. காலையில் தலைவலி மாத்திரையோடுதான் கீழே இறங்குவான். அது ஏசி கேஸின் கைவரிசை என்பான். ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை விடுவான். அதுவும் கேஸ்தான்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மருந்துக்கடைக்கார அம்மா கார் கற்றுக்கொள்ள வந்தார்.

அந்த அம்மா டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுதியபடி எடுத்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். சொந்த யோசனை என்ற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது. நாலாவது வகுப்பில் வாத்தியார் அவரிடம், "நான் சொல்ற வரைக்கும் நேரா போயிட்டே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு யோசிக்கத் தொடங்கினார்.

அம்மா நேராகப் போனார். சிக்னல் வந்தது, நின்றார், நேராகப் போனார். பாலம் வந்தது, ஏறி இறங்கினார். கடைகள் முடிந்தன, தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்தன, வீடுகளே முடிந்துபோயின. நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியபோது, இத்தனை நாள் தொடாத கடைசி கியரையும் வேறு வழியில்லாமல் போட்டுப் பார்த்தார். விழுந்தது. இரண்டு தடவை ஓரக்கண்ணால் வாத்தியாரைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, 'நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை' என்று நெகிழ்ந்துபோனார். கடைசியில் சாலை இரண்டாகப் பிரிகிற ஓர் இடம் வந்தது. அங்கே நேராகப் போக வழி இல்லை. ஓரமாக நிறுத்தி, இருமிப் பார்த்து, பிறகு மிகவும் தயங்கி ஹாரனை ஒரு தட்டு தட்டினார்.

வாத்தியார் துள்ளி எழுந்து, "பிரேக், பிரேக்" என்றார்.

"போட்டுட்டேன் சார். இப்ப எந்தப் பக்கம் போகணும்?"

அது அடுத்த ஊரின் எல்லை. அவர்கள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதற்குப் பின் வகுப்பு வைத்திருந்தவர்கள் ஸ்கூல் வாசலில் நின்று நின்று கால் கடுத்துப் போயிருந்தார்கள். மருந்துக்கடை அம்மா அவர்கள் எல்லோரிடமும் பெருமையோடு கதையைச் சொன்னார். சார் எப்படி நம்பி ஒப்படைத்தார், எப்படி ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை என்று பாராட்டியே சொன்னார். ஸ்கூல் முதலாளி மட்டும் பாராட்டைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாத ஆள். டாக்டர் 'இவர் முழித்திருப்பார்' என்று எழுதிக் கொடுக்கிற வரைக்கும் காரில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவரை உள்ளே போர்டில் சாலைச் சின்னங்கள் நடத்தலாம். வாத்தியார் அதையும் நடத்தினார். 'முன்னே அபாயம்' என்ற சின்னத்தைச் சுட்டிக்காட்டிய கை சுட்டியபடியே இருக்க, அவர் யோசனையில் ஆழ்ந்துவிடுவதும் நடந்தது.

தூக்கத்துக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது என்பதை அவர் அன்றுவரை அறியார். சும்மா வருவதற்கு எதற்கு வைத்தியம் என்று கேட்டுக்கொண்டேதான் போனார். அங்கே விரலிலும் மார்பிலும் மூக்கிலும் மாட்ட ஒரு கருவியைக் கொடுத்து, ஒரு ராத்திரி வீட்டில் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார்கள். கருவி சொன்னதை டாக்டர் படித்துக் காட்டினார். தூங்கும்போது இவருடைய தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறதாம், மூச்சு நின்றுவிடுகிறதாம், மூளை பதறிப்போய் உலுக்கி எழுப்புகிறதாம். எழுந்ததே தெரியாமல் இவர் மறுபடி தூங்கப் போகிறாராம். இது ஒரு மணி நேரத்தில் ஐம்பது தடவைக்கு மேல். ராத்திரி முழுக்க நடந்தது தூக்கமே இல்லை, ஐம்பது ஐம்பதாக விழித்துக்கொண்டிருந்ததுதான்.

வாத்தியாருக்கு ரோஷம் வந்தது. "நான் படுத்தா பொணம் மாதிரி தூங்குவேன் டாக்டர்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் டாக்டர்.

வைத்தியம் ஒரு மிஷின். டிபன் டப்பா அளவு. உள்ளே காற்றை ஈரப்படுத்தத் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து வாஷிங் மிஷின் குழாய் போல ஒன்று, குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க், அதைத் தலையோடு கட்டப் பட்டைகள். மிஷின் ராத்திரி முழுக்க அழுத்தமாகக் காற்றை ஊதி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். கிளினிக்கில் மிஷின் பொருத்துகிற பெண் அவரை நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். எப்படிக் கட்டுவது, எவ்வளவு இறுக்குவது, எதைக் கூட்டினால் எது ஆகும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். தலை ஆடியது ஆமோதித்து அல்ல, விழுந்து விழுந்து நிமிர்ந்தது என்பது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முதல் ராத்திரியே மிஷின் விசிலடித்தது. காரணம் மீசை. தன் கல்யாணத்துக்கு வளர்க்க ஆரம்பித்து, மகள் கல்யாணத்தில் உச்சத்தைத் தொட்ட மீசை அது. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு கன்னத்தில் ஒழுங்காக உட்கார்ந்து, மீசைக்கு வந்ததும் புதர் மேல் விரித்த பாய் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியில் காற்று புறப்பட்டு நேராகக் கண்ணுக்குள் அடித்தது. அவர் பட்டையை இறுக்கினார். விசில் இன்னும் மெல்லிய சுருதிக்குப் போனது. இன்னும் இறுக்கினார். காலையில் முகத்தில் சிவப்பாக வரி வரியாகத் தடம்.

"யாரு அடிச்சாங்க?" என்று கேட்டாள் மனைவி, காபியை வைத்தபடி.

இரண்டாம் நாள் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஈரம் போதவில்லை என்று முடிவு கட்டி, ஈரத்தைக் கூட்டுகிற குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஏசி மெக்கானிக்கின் அக்கா வீட்டில் அறை எப்படி இருக்கும்? ஐஸ் பெட்டிதான். வெதுவெதுப்பான ஈரக் காற்று அந்தக் குளிரில் குழாய்க்குள்ளேயே நீராகி, கொப்பளித்து, அவர் நன்றாக மூச்சை இழுத்த நேரம் பார்த்து மூக்கில் இறங்கியது. கட்டிலில் படுத்தபடியே மூழ்கிச் சாக இருந்த மனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

விஷயம் காற்று என்று ஆன பிறகு மச்சினன் சும்மா இருப்பானா? பையோடு இறங்கி வந்தான். குழாயைத் தட்டிப் பார்த்தான், காதில் வைத்துக் கேட்டான். குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் வெளியேற வழி செய்யலாம் என்றான். அது வேண்டாம் என்றதும் ஏசி குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சுறையை அதற்கும் சுற்றினான். அதிசயமாக அது வேலை செய்தது, தண்ணீர் நின்றது. அந்த ஒரு வெற்றி போதும், அவன் கை நிற்கவில்லை. மாஸ்க் விளிம்பில் ஜன்னல் இடுக்குக்கு ஒட்டுகிற பட்டையை ஒட்டினான். மிஷினில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் உள்ளே வேறு ஒரு திரை திறக்கும் என்று கண்டுபிடித்தான். "காத்து பத்தல அத்தான், அதான் பிரச்சனை" என்று அழுத்தத்தைத் தூக்கி வைத்தான்.

பத்தாத காற்று அன்று ராத்திரி முழுக்க வாத்தியாரின் வயிற்றுக்குள் போய்க் குடியேறியது. மறுநாள் மத்தியானம்வரை அவர் ஏப்பம் விட்டார். 'இடது பக்கம் திரும்பாதீர்' என்று போர்டில் எழுதி முடிப்பதற்குள் மூன்று ஏப்பம். அன்று மாலையே மிஷினைத் துணி போட்டு மூடி அலமாரி மேல் ஏற்றினார். கேட்டவர்களிடமெல்லாம் பிரமாதமாக வேலை செய்கிறது என்றார்.

அதற்கு மூன்றாம் நாள் கிளினிக்கிலிருந்து போன். மிஷின் பொருத்தும் பெண்தான். "ரெண்டு நாளா நீங்க மிஷின் போடலையே சார், உடம்புக்கு ஏதாவதா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டாள். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு காற்று கசிந்தது, எத்தனை தடவை மூச்சு நின்றது என்று எல்லாவற்றையும் மிஷின் தானாகவே கிளினிக்குக்கு அனுப்பிவிடுமாம். முதல் நாளே சொன்னாளாம். தன் படுக்கையறையிலேயே ஒற்றன் இருக்கிறான் என்று வாத்தியார் கொதித்தார். அதிலும் ஒரு சிக்கல். சில வாரங்கள் ஒழுங்காகப் போட்டதாக மிஷின் சாட்சி சொன்னால்தான் டாக்டர் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்தால்தான் கார்.

மாஸ்க்கைத் தலையணைக்குக் கட்டிப் பார்த்தார். தலையணை மூச்சு விடுவதில்லை என்பதை மிஷின் உடனே கண்டுபிடித்துவிட்டது. அப்போதுதான் மச்சினன் தியாகத்துக்கு முன்வந்தான். "நான் போட்டுக்கறேன் அத்தான். காத்து எனக்குப் பழகினதுதானே. மிஷினுக்கு வேண்டியது ஒரு மூக்கு. யாரோடதுன்னு அதுக்கு என்ன தெரியும்?" முடுக்கிவிட்ட அழுத்தத்தைப் பழைய இடத்துக்கே இறக்கி வைத்துவிட்டு, மிஷினை மாடிக்கு எடுத்துப் போனான்.

மறுநாள் காலை அக்கா அடுப்படிக்கு வரும்போது தம்பி குளித்து, தலை சீவி, ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். யாரும் கேட்காமலே. தலைவலி மாத்திரை ஞாபகமே அவனுக்கு இல்லை. அடுத்த சில நாட்களில் டிவி செய்தியைக் கடைசிவரை பார்த்து, உலக நடப்பைப் பற்றிக் கருத்து வேறு சொன்னான். பெண்டாட்டியோடு போனில் சிரித்துப் பேசினான். ஏசி கேஸ் திடீரென்று இவ்வளவு சுத்தமாகிவிட்டதே என்று யாரும் வியக்கவில்லை.

கிளினிக் பெண் மறுபடி கூப்பிட்டு வாத்தியாரைப் பாராட்டினாள். கசிவே இல்லை, மூச்சு நிற்பது மூன்று நாலாகக் குறைந்துவிட்டது, ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை, இவ்வளவு ஒழுக்கமான ஆளை அவள் பார்த்ததில்லை என்றாள். வாத்தியாருக்கே லேசாகப் பெருமையாக இருந்தது. மனைவி மட்டும் ஒருநாள், "மிஷின் வந்தும் உங்க ரூம்ல அதே சத்தம்தானே கேக்குது?" என்றாள். அது மிஷின் சத்தம் என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். டாக்டர் எழுதிக் கொடுத்தார். மச்சினன் தூங்கிய தூக்கத்துக்குக் கிடைத்த அத்தாட்சியோடு வாத்தியார் காரில் ஏறினார்.

ஏறிய அந்த வாரமே அது நடந்தது.

அன்றைக்கு வந்தவள் இளம்பெண். விட்டுவிட்டு வர ஆளில்லை என்று நாலு வயது மகளைப் பின்னிருக்கையில் உட்கார வைத்திருந்தாள். குறுகலான தெரு. மெதுவாகப் போகச் சொன்னவர் அதற்குப் பின் எதுவும் சொல்லவில்லை. ஒரு கிடங்கின் வாசலிலிருந்து லாரி ஒன்று பின்பக்கமாக வந்தது. பெண் பதறி கிளட்சை மிதித்தாள், கார் உருண்டது. பக்கத்தில் 'சார்' இருக்கிறார், அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அரை நொடி போயிற்று. பிறகு எப்படியோ சரியான பெடலில் கால் பட்டது. லாரியின் பின்பலகைக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுதான் மிச்சம். குலுக்கலில் வாத்தியாரின் தலை முன்னால் போய்ப் பின்னால் சாய்ந்தது. கண் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"அம்மா, இந்த மாமா செத்துட்டாரா?" என்று பின்னிருக்கையிலிருந்து குழந்தை கேட்டது.

அந்தக் கேள்விதான் அவரை எழுப்பியது. கண்ணாடி முழுக்க லாரி. அந்தப் பெண் குழந்தையை அதட்டவில்லை. கைகளை ஸ்டீரிங்கிலிருந்து எடுக்காமல், பதிலுக்குக் காத்திருப்பவள் போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் தன் காலைப் பார்த்தார். இரண்டு காலும் பெடலை விட்டு எங்கோ நீட்டிக் கிடந்தன. யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் எடுத்தார். அதை விழுங்கிக்கொண்டு காரை விட்டு இறங்கி, ஸ்கூலுக்குப் போன் செய்து வேறு வாத்தியாரை வரவழைத்தார். அவர்கள் போகிறவரை குழந்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தெருவோரத்தில் நின்றார். பிறகு நேரே கிளினிக்குக்கு நடந்தார்.

மிஷின் பொருத்தும் பெண் கணக்கைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, அவர் மூக்குக்குக் கீழேயே பார்த்தாள்.

"இந்த மீசையோடவா சார் லீக்கே இல்லாம இருந்துச்சு?"

"மீசை என்னோடது" என்றார் வாத்தியார். "தூக்கம் என் மச்சினனோடது."

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பித் திட்டினாள். ஒருவருக்கு என்று வைத்த அழுத்தத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வது விளையாட்டில்லை, மாஸ்க்கை மாற்றி மாட்டிக்கொள்வது அசிங்கம் என்றாள். மச்சினனுக்கும் இதே கோளாறு இருக்கும் போலிருக்கிறது, இல்லாவிட்டால் இந்தக் காற்றில் யாரும் இவ்வளவு சுகமாகத் தூங்க மாட்டார்கள், உடனே கூட்டி வாருங்கள் என்றாள். வாத்தியார் இந்தத் தடவை தொடையைக் கிள்ளிக்கொண்டு கேட்டார்.

அவரை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை, கட்டிலில் படுக்க வைத்தாள். படுத்தால் முகச் சதை வேறு மாதிரி விழும், அதனால் படுத்து, காற்றைத் திறந்துவிட்டுத்தான் மாஸ்க்கைச் சரிபார்க்க வேண்டும். அவருக்குக் கொடுத்த அதே அளவு மாஸ்க்கைக் கிளினிக் மிஷினில் மாட்டிப் பார்த்தால் ஒரு அளவு பெரிது. முதல் நாள் சரியாக இருக்கிறதா என்று கேட்டபோது தலையை ஆட்டியவர் அவர்தான். சின்ன அளவை எடுத்தாள். பட்டைகளை இறுக்காமல் தளர்த்தினாள். ரப்பர் காற்றில் லேசாக உப்பி முகத்தில் மிதக்க வேண்டும், இறுக்க இறுக்கச் சுருங்கி வழிதான் விடும் என்றாள். ஈரத்தைப் பாதிக்கு இறக்கச் சொன்னாள், ஏசியைக் குறைக்கச் சொன்னாள். ஜன்னல் பட்டையெல்லாம் கூடவே கூடாது என்றாள். மச்சினன் நோண்டிய இடத்தையெல்லாம் தன் திரையிலிருந்தே சரிபார்த்து, முதலில் மெல்லிய காற்றில் ஆரம்பித்து, தூங்கத் தூங்கக் கூடும்படி வைத்தாள். மீசைக்கு மட்டும் இரண்டு வழி. ஒன்று, எடுத்துவிடுவது. இல்லையென்றால் மூக்குத் துளைகளில் மட்டும் உட்காருகிற சின்ன மாஸ்க். அது வர ஒரு வாரம் ஆகும்.

"இதெல்லாம் அன்னைக்கே சொன்னேனே சார்."

"அன்னைக்கு நான் இங்க இல்லம்மா" என்றார் அவர்.

முதலாளியிடமும் அவரே போய்ச் சொன்னார். முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை, சாக்பீஸ் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

வீட்டில் மிஷினைத் திரும்ப வாங்குவது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. மச்சினன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அத்தான்" என்றான். பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொள்ளலாமே என்று பாகப்பிரிவினை பேசினான். ஏசி வேண்டுமானால் புதிதாக மாட்டித் தருகிறேன் என்றான். வேலை முடிந்து வந்த அக்கா படிக்குக் கீழே நின்று முழுவதையும் கேட்டாள். லாரியையும் குழந்தையையும் வாத்தியார் சொன்னபோது அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பேசினாள், அந்த மைக் குரல் இல்லாமல்.

"மூச்சு விடறதுக்குக்கூடவா ஆள் அனுப்புவீங்க?"

மச்சினன் மிஷினைக் கீழே வைத்தான்.

புது மாஸ்க் வர ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் ஒன்றும் யுகம் இல்லை. ஆனால் வாத்தியார் அன்று மாலையே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மீசையை எடுத்தார். வெளியே வந்தபோது மேலுதடு, வருஷக்கணக்கில் காலண்டர் தொங்கிய சுவர் மாதிரி வெளுப்பாக இருந்தது. மனைவி கையில் இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தபோது இந்த முகம்தான் வந்தது, நடுவில் எங்கே போயிருந்தது என்று கேட்டாள். மச்சினன் எழுந்து நின்று, "யாரு சார் வேணும்?" என்றான்.

உடனே சொர்க்கம் திறந்துவிடவில்லை. அன்று ராத்திரி மாஸ்க்கோடு புரண்டு குழாயில் சிக்கிக்கொண்டார். அடுத்த நாள் தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருந்தார், எறிந்தது அவருக்கே தெரியாது. கிளினிக் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டார். டிவி பார்க்கும்போது சும்மா மாட்டிக்கொண்டு பழகச் சொன்னாள், பழகினார். குழாயைத் தலைக்கு மேலே கட்டில் கம்பியில் தொங்கவிடச் சொன்னாள், விட்டார். யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் ஒரு வாரத்தில் கேட்ட கேள்விகளை அவர் மாணவர்கள் ஒரு வருஷத்தில் கேட்டதில்லை.

பிறகு ஒரு காலை கண் விழித்தபோது ஜன்னல் வெளிச்சம் சுவரில் பாதிவரை ஏறியிருந்தது. தலை கனக்கவில்லை. வாய் காயவில்லை. எங்கும் வலிக்காததால் ஒருவேளை செத்துவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. கனவுகூடக் கண்டிருந்தார், அது என்னவென்று ஞாபகமும் இருந்தது. அடுப்படிக்குப் போனால் மனைவி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரி சத்தமே கேட்கவில்லை. அதனால் அவள் விடிய விடிய அவர் அறை வாசலில் வந்து வந்து நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வைத்தியத்தில் தூக்கம் ஒருவருக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மச்சினனுக்கும் சோதனை நடந்தது. அத்தானை மிஞ்சிய கணக்கு. அவனுக்கும் தனியாக மிஷின் வந்தது, அதைத் திறந்து உள்ளே பார்க்கமாட்டேன் என்று அக்கா தலையில் கை வைத்துச் சொன்ன பிறகுதான் அவன் கையில் கொடுத்தார்கள்.

வாத்தியார் தன் சொந்தத் தூக்கத்துக்கு அத்தாட்சி வாங்கிக் காரில் ஏறியபோது வேறு தொல்லை ஆரம்பித்தது. விழித்திருந்தார். விழித்துக்கொண்டு பார்த்தால், இந்த ஜனங்கள் ஓட்டுகிற ஓட்டம்! கண்ணாடியைப் பார்க்காமல் திரும்புகிறார்கள். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு பிரேக் பிடிக்கவில்லை என்கிறார்கள். இத்தனை வருஷம் இவர்களுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோமா என்று அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. தனக்குத் தைரியம் அதிகம் என்று அவர் நம்பியிருந்தார். அது தைரியமே இல்லை, நித்திரை. நாய் குறுக்கே வந்தால் பிரேக், வருகிற மாதிரி தோன்றினால் பிரேக். பொறுமைசாலி சார் எங்கே, இந்தக் கத்துகிற ஆளை மாற்றுங்கள் என்று முதலாளியிடம் புகார் போனது. முதலாளி முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தார். புகார் செய்தவர்கள் பரீட்சையில் ஒரே தடவையில் தேறியபோதும் நன்றி சொல்லவில்லை.

இதற்குள் சொன்னபடி மூக்குத் துளை மாஸ்க்கும் வந்து சேர்ந்திருந்தது, மீசை எடுத்துச் சரியாக ஒரு வாரம் கழித்து. மீசை மெல்லத் திரும்பி வர ஆரம்பித்தது, தலையணையும்தான். மனைவி ஒருநாள் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு பழைய அறைக்கு வந்துவிட்டாள். மிஷின் காற்று தன் பக்கம் அடிக்கிறது என்று குறை சொல்லி, அவரை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள்.

அந்தச் சின்ன மாஸ்க்கில் ஒரு குணம் உண்டு. போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் மூக்கில் போகிற காற்றெல்லாம் வாய் வழியாகப் புயலாக வெளியே வரும். பேசவே முடியாது. இதை அவள் முதல் ராத்திரியே கண்டுகொண்டாள். மகள் கல்யாணத்தில் அவர் அண்ணன் பேசிய பேச்சு, வீடு மாற்றலாம் என்று அவள் சொன்னபோது அவர் கேட்காதது, பஸ் நிலையத்தில் புதிதாக வந்த மேலதிகாரி, தனி அறையில் படுத்திருந்த வருஷங்களில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் நிதானமாக வர ஆரம்பித்தது. அண்ணன் விஷயத்தில் மட்டும் வாத்தியாருக்குப் பதில் இருந்தது. வாயைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"படுங்க, படுங்க. டாக்டர் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல" என்றாள் அவள்.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, கடைசிவரை கேட்டார்.